ஏலத்தொலியில் புதைத்த முட்டைகள்

போன வாரம் போடியில் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறியது. போடியில் ஏலக்காய் மணக்காமல் பெருங்காயமா மணக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நான் அந்த ஊரிலேயே பிறந்து, கல்யாணமான பிறகும் பல வருசம் கிட்டங்கியில் ஏல மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து காயைத் தரம்பிரித்துப் பொறுக்கியவள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், “என்ன, பாயசமா?” என்று ஆசையாகக் கேட்பார்கள். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருக்கும். எங்கள் சேலையில், தலைமுடியில், தலையணையில் எல்லாம் அந்த வாசம் இருந்ததாம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்படி மூக்கு மரத்துப்போன ஒருத்திதான் கோழி வளர்க்கக் கிளம்பினேன்.

என் வீட்டுக்காரர் அப்போது போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்களை விடியுமுன் ஏற்றிக்கொண்டு போவார். நாங்கள் குடியிருந்தது என் அண்ணன் வீட்டில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஓர் அறையில். அண்ணன் தங்கமானவர். அண்ணியும் அப்படித்தான். ஆனால் அந்த வீட்டில் யாருக்கு அரிசி வேண்டுமென்றாலும் எங்கள் அறைக்குள் வந்துதான் அளக்க வேண்டும். புதுப் புருசன் பெண்டாட்டி ஒரு வார்த்தை பேச வாயெடுத்தால் படியோடு யாராவது வந்து நிற்பார்கள்.

மலையடிவாரத்தில் வீட்டுக்காரர் பங்குக்கு வந்த மேட்டுநிலம் முள் மண்டிக் கிடந்தது. அங்கே ஒரு கூரையைப் போட்டுக்கொண்டு காய்கறியும் கோழியுமாகப் பிழைக்கலாம் என்று ஆரம்பித்தது நான்தான். அண்ணன் சிரித்தார். “தை வரைக்கும் பாரு ஆத்தா. அதுக்குள்ள கால் ஊனலேன்னா, பேசாம சட்டி பானையத் தூக்கிட்டு வீடு வந்து சேரு” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அரிசி மூட்டைகளை நினைத்துக்கொண்டே நான் அரிவாளோடு முள் வெட்டக் கிளம்பினேன்.

தோட்டமும் கோழியும் ஒன்றுக்கொன்று ஒத்தாசை என்று சொல்கிறவர்கள் கோழியைக் குழம்பில் மட்டும் பார்த்தவர்கள். நான் தக்காளி நாற்றை நட்டுவிட்டு நிமிர்வதற்குள் பின்னாலேயே வந்து கிளறி, அந்தக் குழியிலேயே சொகுசாக மண்ணில் புரளும். ஏல நாற்றங்காலில் கழித்துப்போட்ட பச்சை வலையை வாங்கி வந்து கீரைப் பாத்தியைச் சுற்றிக் கட்டினேன். வலையைத் தாண்டி உள்ளே பறக்கத் தெரிந்ததுகளுக்குத் திரும்பி வரத் தெரியாது. உள்ளேயிருந்து கத்தும். கிட்டங்கிக்குப் போகாத நாளில் அதுகளைப் பிடித்து வெளியே விடுவதே எனக்குப் பகல் முழுக்கச் சோலியாக இருந்தது. பார்த்துப் பார்த்துச் செய்த கூட்டையும் அதுகள் சீந்தவில்லை. வீட்டுக்காரர் மூலையில் போட்டிருந்த பழைய ஜீப் டயருக்குள் போய்த்தான் முட்டையிட்டன. “டிரைவர் வீட்டுக் கோழியில்ல!” என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

தோட்டம் கைவிட்ட நாளில் அந்த முட்டைகளைத்தான் நம்பியிருந்தோம். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகிற இடத்தில் மலையாளத்துக்காரரான தங்கப்பன் சேட்டன் சாயாக்கடை வைத்திருந்தார். மலை ஏறுகிற வண்டியெல்லாம் அங்கே நிற்கும். “நாட்டுக்கோழி முட்டை எத்தன உண்டோ, எல்லாம் கொண்டா மோளே” என்றார். ஜீப்பில் குலுங்கி உடையக்கூடாதே என்று, கிட்டங்கியில் ஏலக்காயைச் சலித்துக் கழிக்கிற தொலியையும் காம்பையும் சாக்கில் அள்ளி வந்து கூடையில் பரப்பி, அதற்குள் முட்டைகளைப் புதைத்து வைத்தேன். கடையில் வீட்டுக்காரர் முட்டைகளை மட்டும் எடுத்து எண்ணிக் கொடுத்துவிட்டுக் கூடையை ஜீப்பிலேயே வைத்துக்கொள்வார். ஒன்றுகூட உடையவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சில வாரம் போனது. ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் கூடையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

“சேட்டன் முட்ட வேணாங்குறாரு புள்ள. ஆம்லேட்டு பாயசம் மாதிரி மணக்குதாம். எஸ்டேட்டுப் பொம்பளைக பேசாமத் தின்னுட்டுப் போறாக. மூணாறு பாக்கப் போற மதுரக்காரங்கதான் தட்டத் தள்ளி விட்டுட்டு எந்திரிச்சிர்றாங்களாம்.”

ஒரு முட்டையை எடுத்து முகர்ந்தேன். “ஒண்ணும் வரலயே?”

அவரும் முகர்ந்தார். “எனக்கும் வரலயே.”

வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு நாங்களே பொரித்துத் தின்று பார்த்தோம். அருமையாக இருந்தது. சேட்டன் அந்தச் சட்டியில் பாயசம் காய்ச்சியிருப்பார் என்று அவர்மேல் பழி போட்டோம். பிறகு கோழி எதையோ தின்றுவிட்டு வருகிறதோ என்று சந்தேகம் வந்து, எல்லாவற்றையும் பஞ்சாரக் கூடைக்குள் அடைத்துக் கம்புத் தானியம் மட்டும் போட்டேன். கோபித்துக்கொண்டு முட்டையைக் குறைத்துவிட்டன. மார்கழியும் பிறந்துவிட்டது. சட்டி பானையைக் கழுவிக் கவிழ்த்தபோது, இதையெல்லாம் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுப் படியேற வேண்டுமே என்று உட்கார்ந்து அழுதேன்.

முட்டை கிடைக்காமல் சேட்டனுக்கும் கஷ்டம்தான் போலிருக்கிறது. ஒருநாள் மூச்சு வாங்க மேடேறி வந்துவிட்டார். கோழிகளைப் பார்த்தார். பஞ்சாரத்துக்குள் கையை விட்டு, அப்போதுதான் இட்ட ஒரு முட்டையை எடுத்து முகர்ந்து, “இதுல ஒண்ணும் இல்லல்லோ” என்றார். அப்புறம் மூலையிலிருந்த முட்டைக் கூடையின் மூடியைத் திறந்தவர் தும்மித் தள்ளிவிட்டார்.

“எந்தா மோளே இது! முட்டக் கூடயா, ஏலக்கா ஸ்டோரா? ரெண்டாளுக்கும் மூக்கு இல்லயா?”

நானும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவர்தான். பிறகு நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கோழிகள் பஞ்சாரத்துக்குள்ளிருந்து எங்களைத் திட்டின.

அன்றிலிருந்து நெல் உமிக்கு மாறிவிட்டோம். மணக்கிற முட்டைகளைச் சேட்டன் வீணாக்கவில்லை. சீனியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அடித்து, பன் ரொட்டியை அதில் முக்கிப் பொரித்து விற்றார். டிரைவர்கள் மொய்த்துவிட்டார்கள். “ஞாயிறாழ்ச்ச மட்டும் ஒரு வாசக் கூட வேணும் மோளே” என்று பிறகு அவரே கேட்டு வாங்கினார். தை பிறந்ததும் அண்ணன் ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். “வைக்க எடம் இருக்கா ஆத்தா?” என்றார். ராத்தங்கினார். மூட்டையை அவர் படுக்கிற பாய்க்குப் பக்கத்திலேயே போட்டேன். ஒரு பழிவாங்கல்தான்.

இப்போது ஓட்டு வீடு, கம்பிவலைக்குள் கோழிகள், அதுகள் எட்ட முடியாத இடத்தில் கீரை. கிட்டங்கி வேலையை விட்டு எவ்வளவோ காலமாகிறது. சாலையை அகலப்படுத்தியபோது சாயாக்கடை போய்விட்டது. சேட்டன் மகனோடு கட்டப்பனைக்குப் போய்விட்டார். வாசக் கூடை வேண்டுமென்று கேட்க ஆளில்லை.

போன வாரம் அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டே கிட்டங்கி வாசலில் போய் நின்றேன். உள்ளே பொறுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, “யாரக்கா வேணும்?” என்றாள். யாரும் வேண்டாமென்று, கொஞ்சம் தொலியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

வீட்டுக்காரர் கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தார். முடிச்சை அவிழ்த்து அவர் மூக்கருகே நீட்டினேன். “வாசம் வருதா?”

“நல்லா வருதே புள்ள” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நாங்கள் ஊரைவிட்டு வந்து எத்தனையோ வருசம். அந்த வாசம் எங்களுக்கும் தெரிந்துவிட்ட அன்றைக்குத்தான் ஊரைவிட்டு வந்தது போலிருந்தது.