கல்வராயன் மலையில் விளாவாத தண்ணீர்

இரண்டு வருடமாக இந்த வலைப்பூவில் நான் எதுவும் எழுதவில்லை. கல்யாணமா, வேலை மாற்றமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணிடம் இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்கிற உங்கள் நம்பிக்கை வாழ்க. இரண்டும் இல்லை, வயிறுதான் காரணம். உளுந்தூர்பேட்டையில் இருந்துகொண்டு பக்கத்து மலைக்குக்கூடப் போக முடியாமல் கிடந்தேன். போன நவம்பரில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்வராயன் மலைக்குத் தனியாகப் போய் வந்தேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. இங்கே என் சொந்தப் பெயர் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். முதலில் வந்தது வயிற்றுப்போக்கு. மாதக்கணக்கில் நிற்கவில்லை. சுடிதார் எல்லாம் கொடியில் காய்வதுபோல என் மேல் தொங்கியது. சாதாரண மலப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. மாதிரியில் தனிச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் கிரிப்டோ என்ற ஒட்டுண்ணி அகப்பட்டது. அதன் பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எச்.ஐ.வி. தெரிந்தது. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களுக்குக் கிரிப்டோ ஓரிரு வாரத்தில் தானாக அடங்கிவிடுமாம். என்னிடம் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. எச்.ஐ.வி. மாத்திரை ஆரம்பித்து எதிர்ப்புச் சக்தி ஏற ஏறத்தான் காலி செய்தது.

அது மறுபடி வராமல் இருக்க டாக்டர் சொன்னது: குளோரின் போட்ட தண்ணீரை நம்பாதே, கொதிக்க வைத்துக் குடி, அதில் பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டும் சேரக்கூடாது. கடைசிப் பகுதி சுலபமாகத் தோன்றும். நம் ஊரில் அதுதான் கஷ்டம். நான் சாப்பிடும் மெஸ்ஸில் சுடுதண்ணீர் கேட்டால், வாய் சுடுமே என்று அக்கறையோடு குழாய்த் தண்ணீரை ஊற்றி விளாவித்தான் தருவார்கள். அந்த அக்கறைக்குப் பயந்து எங்கே போனாலும் சொந்த பிளாஸ்க்கோடு போகிறேன்.

காலை ஆறு மணிக்கு உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறினால் ஏழே காலுக்குக் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலை பஸ். சன்னல் ஓரம் கிடைத்தது. பக்கத்து சீட்டில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை. ஒரு காலத்தில் இதை அதிர்ஷ்டம் என்பேன். அன்று என் பையைத் தூக்கி அங்கே வைத்துக்கொண்டேன்.

"பெரியார் அருவிக்கு ஒரு டிக்கெட்தானா? கூட யாரும் வரலியா மேடம்?" என்றார் கண்டக்டர்.

"வரலீங்க."

"போட்டோ எடுக்கவாச்சும் ஒரு ஆளு வேணாமா?" என்று சிரித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் மலை வளைவு முழுக்க அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியார் அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் குளிக்கவில்லை, வாயில் தண்ணீர் போய்விடும் என்ற பயம். செருப்பையும் கழற்றவில்லை, சில புழுக்கள் ஈர மண்ணிலிருந்து பாதம் வழியாகவே ஏறும். பாறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். எழுந்தபோது பிளாஸ்க் கை நழுவிப் பாறையில் விழுந்தது. உள்கண்ணாடி நொறுங்கிய சத்தத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸுக்காக மேட்டில் ஏறி நடந்தேன். நிறுத்தத்தை ஒட்டி ஒரே ஒரு பெட்டிக்கடை. ஊரில் சாவு என்று மூடியிருந்தது. சீல் உடைக்காத பாட்டில் அங்கே கிடைக்கும் என்றுதான் நம்பி வந்திருந்தேன். நாக்கு வறண்டுவிட்டது. எதிர் வீட்டு வாசலில் ஒரு பெண் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். என்னைவிடச் சின்னவர். என்னைப் பார்த்ததும் எழுந்துபோய், கேட்காமலே குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்தார்.

"வேணாங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. "ஏங்க்கா, எங்க வூட்டுத் தண்ணி குடிக்க மாட்டீங்களா?"

அவர் என்ன நினைக்கிறார் என்று புரிந்ததும் எனக்கு உடம்பு கூசியது. சாதி பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. எனக்கு வயிறு சரியில்ல. கொதிக்க வெச்ச தண்ணிதான் குடிக்கணும்."

"அவ்ளோதானே? இன்னாத்துக்குத் தயங்குறீங்க? உக்காருங்க." அவர் பெயர் வள்ளி என்று அப்போதுதான் சொன்னார். விறகு அடுப்பில் பானை வைத்து, தளதளவென்று கொதிக்கும்வரை ஊதினார். நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொம்பில் பாதி சுடுதண்ணீர் ஊற்றினார். பிறகு, நான் வாயைத் திறப்பதற்குள், குடத்தைச் சாய்த்து மீதிப் பாதியை நிரப்பினார்.

"வாய் வெந்துடப் போவுது. இப்ப குடிங்க, எதமா இருக்கும்."

சொம்பு என் கையில் இருந்தது. இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றால் இந்தப் பெண் என்னை என்னவென்று நினைப்பார்? குடித்தால் பழையபடி படுக்கையா? உண்மையைச் சொன்னால் சொம்பைப் பிடுங்கிக்கொள்வாரா? மூன்றில் மூன்றாவதுதான் அதிகம் பயமாக இருந்தது.

"வள்ளி, எனக்கு எச்.ஐ.வி. இருக்கு" என்றேன். "பச்சத் தண்ணி கலந்தா எனக்கு ஆவாது."

அவர் சொம்பை என் கையிலிருந்து வாங்கினார். தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். பானையில் மிச்சம் இருந்த வெந்நீரை ஊற்றிச் சொம்பை அலசி, மறுபடி அதே பானையிலிருந்து ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"மொதல்லியே சொல்லக்கூடாதா? செரி, தானா ஆறட்டும்."

அப்போது பஸ் வந்தது. நான் எழுந்தேன். "இன்னும் சுட்டுக்கினு இருக்குது. அடுத்த வண்டி இருக்குது, உக்காருங்க" என்றவர், ஓட்டுநரைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டார்.

கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டார். "ஊர்ல யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு."

"அப்புறம்?"

"இப்ப உங்களுக்கு."

அவர் தலையை ஆட்டினார். சொம்பைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் ஆறல" என்றார். அதற்குப் பிறகு மழையைப் பற்றியும், கிழங்கு விலையைப் பற்றியும், அவர் மகள் எழுதப் போகும் பரீட்சையைப் பற்றியும் பேசினோம்.

என்னைப் போன்ற உடம்போடு மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: உடையாத ஸ்டீல் பாட்டில் வாங்குங்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள். வயிற்றுப்போக்கு நீடித்தால் உங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதை டாக்டரிடம் சொல்லி, தனிச் சாயப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். யாரிடமும் வெறுமனே சுடுதண்ணீர் என்று கேட்காதீர்கள். 'விளாவாமல்' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

விளாவாவிட்டால் ஆறுவதற்கு நேரமாகும். எனக்கு ஒரு பஸ் போய்விட்டது. அந்தச் சொம்பு சீக்கிரம் ஆறிவிடக் கூடாதே என்றுதான் நான் உட்கார்ந்திருந்தேன்.