சித்திரையில் வாங்கிப் புரட்டாசியில் ஏறிய பேக்கேஜ்

பாப்பா, தம்பி, போன வாரம் ரெண்டு பேரும் போனைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு கப்பல் விளம்பரத்தைக் காட்டினீர்கள். "அன்லிமிடெட் டிரிங்ஸ்னு போட்டுக்கீதுப்பா, இதையும் சேத்து வாங்கிடலாம்" என்றான் தம்பி. நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தேன். வந்தும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவன். எழுத்தில் தப்பு இருந்தால் பாப்பா திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் தப்பு இருக்காது. அது மாதிரிக் கப்பலில் ஆறு வருஷம் சாப்பாடு பரிமாறியவன் நான்.

1. லிஃப்ட் பக்கத்து மேசை

இப்போது மாமல்லபுரம் பக்கம் ரிசார்ட்டில் ரெஸ்டாரன்ட் கேப்டனாக இருக்கிற அப்பாவைத்தான் உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முன் முட்டுக்காட்டில் ஒரு ஓட்டலில் டேபிள் துடைத்தேன். அங்கிருந்து கப்பலுக்குப் போனேன். அந்த ஆறு வருஷம் நீங்கள் அப்பாவை வீடியோ காலில் பார்த்ததுதான் அதிகம்.

கப்பலில் ஆட்கள் ஏறும் நாளுக்கு எம்பார்க்கேஷன் டே என்று பேர். அன்றைக்கு வெயிட்டர்களில் தமிழும் இந்தியும் பேசத் தெரிந்தவர்களை லிஃப்ட் பக்கத்தில் மேசை போட்டு நிறுத்திவிடுவார்கள். வேலை, பேக்கேஜ் விற்பது.

விற்றவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் காசிலேயே மூணு வேளைச் சாப்பாடும் அடக்கம். பஃபேயும் அடக்கம், மேசையில் உட்கார்ந்து ஆர்டர் சொல்லும் மெயின் டைனிங் ரூமும் அடக்கம். தண்ணீர், டீ, மெஷின் காபி சும்மா. கேபினில் அழகாக வைத்திருக்கிற பாட்டில் தண்ணீர் மட்டும் சும்மா கிடையாது, மூடியைத் திருகினால் பில் வரும்.

பேக்கேஜ் என்பதெல்லாம் இதற்கு மேல். டிரிங்ஸ் பேக்கேஜ் என்றால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டு, அப்புறம் கப்பலில் ஏறும்போது தருகிற கார்டைக் காட்டிக் காட்டி வாங்கிக்கொள்வது. ஸ்பெஷாலிட்டி டைனிங் என்றால் தனி ரெஸ்டாரன்ட், தனி செஃப், தனிக் காசு. டிரிங்ஸ் பேக்கேஜ் வாங்கும்முன் அந்த ஒரு நாள் காசை, சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து, ஒரு கிளாஸ் விலையால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஏழு எட்டு கிளாஸ் என்று வந்தால், தினம் அத்தனை குடிக்கிற ஆளா நாம் என்று யோசிக்க வேண்டும். கரையில் இறங்கி ஊர் சுற்றுகிற நாளுக்கும் அதே காசு ஓடிக்கொண்டிருக்கும். ஒரே கேபினில் இருக்கிற பெரியவர்கள் எல்லாருமே வாங்கியாக வேண்டும். ஒருத்தர் வாங்கி ரெண்டு பேர் குடிக்க முடியாது. டீக்கடையில் ஒரு டீயை ரெண்டாக்கிப் பை டூ கேட்கிற பழக்கத்தில் அங்கே கேட்டால் கார்டையே நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்று உண்டு, அது பலருக்குத் தெரியாது. டிரிங்ஸ் பேக்கேஜை வேண்டாம் என்று முதல் நாளே திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அந்தக் கார்டில் ஒரு கிளாஸ் கூட வாங்கியிருக்கக் கூடாது. வாங்கிவிட்டால் பேக்கேஜ் ஓப்பன் ஆகிவிட்டது என்போம். அப்புறம் கேப்டனே வந்து சொன்னாலும் மூட முடியாது.

2. படாளத்து அண்ணன்

ஒரு தடவை சென்னைத் துறைமுகத்தில் ஆள் ஏறிக்கொண்டிருந்தபோது என் மேசைக்கு மூணு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருந்தார்.

"தம்பி, தமிழா?"

"ஆமா சார். செங்கல்பட்டுப் பக்கம்."

"அட, நான் படாளம்பா! சாரு மோருன்னுகினு. அண்ணேன்னு கூப்டு. ஜி.எஸ்.டி. ரோட்டுல நம்ம லாரி ஓடுறத நீ பாக்காம இருந்திருக்க முடியாது."

பேர் ஏகாம்பரம். கூட வந்தது அவர் மனைவி மல்லிகா அக்காவும், அக்காவின் தம்பி பாபுவும். டிக்கெட், பேக்கேஜ் எல்லாம் பாபுதான் போனிலேயே முடித்திருக்கிறான். "இதுல இன்னா இன்னா கீதுன்னு சொல்லு. எனக்கு ஒண்ணும் பிரியல" என்று கார்டுகளை நீட்டினார்.

ஸ்கிரீனில் தட்டிப் பார்த்தேன். மூணு பேருக்கும் டிரிங்ஸ் பேக்கேஜ். அது போக மூணு ராத்திரிக்கு சீஃபுட் கிரில், அதாவது மீன் சுடுகிற ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட். பெரிய பேக்கேஜ்தான். எனக்கே உற்சாகம் வந்துவிட்டது.

"சூப்பர்ணே. நண்டு, எறா எல்லாம் உங்க கண்ணு முன்னாடியே சுட்டுக் குடுப்பாங்க."

"எறாவா?" என்றார் மல்லிகா அக்கா. "மாமா, இது இன்னா மாசம்?"

அண்ணன் பாபுவைப் பார்த்தார். பாபு கூரையைப் பார்த்தான்.

"புரட்டாசி!" என்றார் அக்கா. "வூட்ல முட்ட கூட ஒடைக்கறதில்ல. இவன் நண்டுக்குக் காசு கட்டிட்டு வந்துகீறான்."

"ஆஃபர் சித்திரையிலக்கா வந்துச்சி. செப்டம்பர்னுதான் போட்டிருந்தான். புரட்டாசின்னு போட்டிருந்தா வாங்கியிருப்பனா?"

"அவன் எதுக்குடா புரட்டாசின்னு போடப்போறான்? அவன் பெருமாளக் கும்புடறானா?"

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடமாகவும் இல்லை. அக்கா வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றையும் கீழே செக்கிங்கில் வாங்கி வைத்துவிட்டார்களாம். வெளிச் சாப்பாடு கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள்.

"சரி வுடு" என்றார் அக்கா, அண்ணனிடம். "டப்பு கட்டியாச்சி. நீயும் அவனும் போய்த் துண்ணுங்க. நான் ரூம்லயே ரெண்டு வாழப்பழம் துண்ணுட்டு கெடக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அண்ணன் என் மேசை மேல் குனிந்தார்.

"தம்பி, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் லாரியோட ரோட்லயே கீறேன். நான் வர்ற நேரத்துக்கு அவ துண்ணுட்டிருப்பா, இல்ல எனக்காகக் காத்துகினு பட்டினியா இருப்பா. இவளோட அஞ்சு நாள் சேந்தாப்பல ஒக்காந்து துண்ணணும்னுதான்பா இந்தக் கப்பலே ஏறினேன். அவ ரூம்ல, நான் நண்டு முன்னாடின்னா எதுக்கு வந்தேன்? பேஜாராகீது. இன்னாவாவது பண்ணு."

காசு திரும்பி வருமா என்று அவர் கேட்கவில்லை, கவனியுங்கள். ஆனால் கட்டிய காசு ஆளைச் சும்மா விடாது. வீணாகிறதே என்று தினமும் சாயந்திரம் அவரை அந்த ரெஸ்டாரன்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அதை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

"கேன்சல் பண்ணப் பாக்கறேண்ணே. ஏறினதுலேர்ந்து யாராவது கார்டு குடுத்து எதுனா குடிச்சீங்களா?"

"பாரே தொறக்கலியேப்பா. கரைய வுட்டுக் கெளம்பினாதான் சரக்குன்னு எழுதிப் போட்டுகீறான்."

"பாபு எங்கண்ணே?"

அக்காவின் வாய்க்குப் பயந்து பாபு எப்போதோ நழுவியிருந்தான்.

3. லைம் சோடா

மேசையைப் பக்கத்துப் பையனைப் பார்க்கச் சொல்லிவிட்டு நீச்சல் குளம் இருக்கிற டெக்குக்குப் படியேறி ஓடினேன். பாபு சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருந்தான். கையில் கிளாஸ்.

"பாபு, அது இன்னாது?"

"லைம் சோடாண்ணே." எழுந்தே உட்கார்ந்துவிட்டான். "சரக்கு இல்ல. நானும் புரட்டாசிதான். சத்தியமா, வேணா மோந்து பாரு!"

"கார்டு குடுத்தியா?"

"குடுத்தேன். பேக்கேஜ்லயே கீதுன்னு தட்டிக்கினான்."

"ஓப்பன் ஆயிடுச்சிப்பா."

"எது? சோடாவா?"

"பேக்கேஜ்."

அவனுக்குப் புரியவைக்கச் சிறிது நேரம் ஆனது. கப்பல்காரனுக்கு விஸ்கியும் ஒன்றுதான், லைம் சோடாவும் ஒன்றுதான். கிளாஸ் என்றால் கிளாஸ். பாவம், பையன் விரதத்தைக் காப்பாற்றப் போய்ப் பேக்கேஜைத் திறந்துவிட்டான். நல்ல வேளையாக அவனுக்குத் தனி கேபின். அண்ணன், அக்கா கார்டு ரெண்டும் தொடாமல் இருந்தன.

4. பெர்னாண்டோ சார்

எங்கள் ரெஸ்டாரன்ட் மேனேஜர் பெர்னாண்டோ சார் தூத்துக்குடிக்காரர். கேன்சல் செய்ய அவர் கை வைக்க வேண்டும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"என்னடே நீ, விக்கச் சொல்லி நிறுத்துனா, வித்ததைத் திருப்பிக் கொடுக்க வந்து நிக்க?"

"அவங்களுக்கு அது ஆகாது சார்."

"ஆகாதுன்னா மீன் திங்காம இருக்கட்டும். ரொட்டி இருக்குல்லா?"

"சார், பொண்டாட்டி ரூம்ல வாழப்பழம் துண்ணுகினு இருப்பாங்க, இவரு அங்க தனியா ஒக்காந்திருப்பாரு. கடைசி நாள் கமென்ட்ல அவங்க இன்னா எழுதுவாங்க? அடுத்த தடவ வருவாங்களா?"

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹெட் வெயிட்டர் பிரமோஷன் லிஸ்ட்ல உன் பேரு கெடக்கு. இன்னைக்கு நீ வித்த கணக்கு எறங்குச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. தெரியும்லா?"

"தெரியும் சார்."

"டிரிங்ஸ் ரெண்டையும் எடுத்துருதேன். கிரில்லுல ரெண்டு ராத்திரியை எடுத்துருதேன். இன்னைக்கு ராத்திரி புக்கிங்கை ஏற்கெனவே பூட்டியாச்சு. அதை ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது. அதை நீ எப்படி ஒப்பேத்துவியோ, ஒப்பேத்து."

அந்தக் காண்ட்ராக்டில் எனக்கு ஹெட் வெயிட்டர் கிடைக்கவில்லை. அடுத்த காண்ட்ராக்டில் கிடைத்தது, சிபாரிசு எழுதிக் கொடுத்தவரும் பெர்னாண்டோ சார்தான்.

பாபுவின் கதை வேறு. திறந்தது திறந்தாயிற்று என்று அஞ்சு நாளும் விடாமல் குடித்தான். காபி ஷாப்பில் நல்ல காபி, ஃப்ரெஷ் ஜூஸ், மாக்டெயில், எல்லாமே அந்தப் பேக்கேஜில் உண்டு. "மச்சான், கப்பல்ல கீற எலுமிச்சங்கா ஒண்ணு வுடாத!" என்று அண்ணன் போகும்போதும் வரும்போதும் கத்துவார். சரக்கே தொடாதவன் ஒருத்தன் டிரிங்ஸ் பேக்கேஜுக்குக் கட்டிய காசைக் குடித்தே நேர் செய்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆனால் பாதி நேரம் அவன் பாத்ரூமில் இருந்தான், அதையும் எழுதிவிட வேண்டும்.

5. வெளி மேசை

மிச்சமிருந்தது அன்றைய ராத்திரிச் சாப்பாடு. மல்லிகா அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அந்த ரெஸ்டாரன்ட்ல வெளிய ரெண்டு டேபிள் கீதுக்கா. கடல் காத்து அடிக்கும், உள்ள சுடற வாசன வராது. கீழ ஜெயின் கிச்சன்னு ஒண்ணு கீது, வெங்காயம் பூண்டு கூடப் போட மாட்டாங்க. அங்கேர்ந்து உங்களுக்குச் செஞ்சி எடுத்தாரேன்."

"வாணலி?"

"தனிக்கா."

"கரண்டி?"

"அதுவும் தனி."

"எட்த்துகினு வர்றது யாரு? மீன் தட்ட எட்த்துகினு வர்ற அதே ஆளா?"

"நான்தான்க்கா. இன்னிக்கு நான் மீன் பக்கமே போகல."

அக்கா தலையாட்டினார். "சரி. அவரு பசி தாங்கமாட்டாரு. சீக்கிரம் போடு."

ஜெயின் கிச்சனில் இருந்த குஜராத்தி சமையல்காரரிடம் பாதி இந்தியிலும் பாதி கைச் சாடையிலும் சொல்லி எலுமிச்சைச் சாதம், பீன்ஸ் வதக்கல், பனீர், பருப்பு வாங்கினேன். சாதத்தைத் தாளித்த வாணலியோடேயே தூக்கிக்கொண்டு படியேறினேன். சூடு ஆறக் கூடாது என்பது ஒன்று. அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்பது இன்னொன்று.

முதல் சிட்டிங், அதாவது ராத்திரிச் சாப்பாட்டின் முதல் பந்தி. அண்ணனும் அக்காவும் மட்டும் வந்திருந்தார்கள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாணலியைப் பார்த்தார், தட்டை என் பக்கம் நகர்த்தினார். அண்ணனுக்கு உள்ளே நண்டு இருந்தது, காசும் கட்டியிருந்தார், கேட்டால் கொண்டுவந்து வைக்க வேண்டியது என் வேலை. அவர் கேட்கவில்லை. உள்ளே ஒரு வெயிட்டர் நண்டுத் தட்டோடு கண்ணாடி ஓரமாகப் போனபோது மட்டும் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது.

"பாக்காத மாமா. ஐப்பசி பொறக்கட்டும், வூட்ல வெச்சித் தரேன்."

"நண்டா?"

"நண்டு, எறா, இன்னா வேணுமோ. அப்ப லாரிய எட்த்துகினு ஓடிப் போயிடாத."

"எங்கடி போறேன்?" என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு அக்கா தட்டில் இன்னும் ஒரு கரண்டி சாதம் வைக்கப் போனார். அக்கா போதும் போதும் என்று கையால் தட்டை மறைத்தார். அண்ணன் அந்தக் கையின் மேலேயே போட்டுவிட்டார். ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீதி நாலு ராத்திரியும் மெயின் டைனிங் ரூமில், டிக்கெட் காசிலேயே, வெஜ் சாப்பாடு சாப்பிட்டார்கள். ஒரு வேளை கூடத் தனித்தனியாக வரவில்லை.

நாமும் போவோம். நான் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போகும்போது பேக்கேஜ் இல்லாமல் ஏறுவோம். ஏறிய அன்றைக்கும் வாங்கலாம், ஒன்றும் ஓடிப்போகாது. மேசையில் நிற்கிற பையனிடம் பேசிப் பார்த்தால் முதல் ராத்திரி ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்டில் பல சமயம் விலை குறைத்தும் கொடுப்பார்கள், அன்றைக்கு எல்லாரும் பஃபேயில் மொய்ப்பார்கள், அங்கே மேசை காலியாகக் கிடக்கும். வேண்டுமானால் ஒரு ராத்திரி அங்கே சாப்பிடுவோம். தம்பிக்கு ஜூஸ் வேண்டுமென்றால் கிளாஸ் கணக்கில் வாங்கித் தருகிறேன். தேதி போடும்முன் சமையல்கட்டில் தொங்குகிற காலண்டரை அம்மாவிடம் காட்டி அவள் சரி என்று சொல்ல வேண்டும். விளம்பரம் போட்டவனுக்கு உங்கள் அம்மா எந்த மாசம் என்ன சாப்பிடுவாள் என்று தெரியாது. நமக்குத் தெரியும். எது லாபம் என்பதை அதிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு முதல் சிட்டிங் முடிந்து அவர்கள் எழுந்து போன பிறகு, நான் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனேன். அந்த வாணலியை யாரோ மீன் சுட்ட தட்டுகளோடு அடுக்கி வைத்திருந்தார்கள். அதை வெளியே இழுத்தேன். புது நார் ஒன்றைப் பிரித்து, தனியாக வெந்நீரில் மூணு தடவை தேய்த்துக் கழுவினேன். துணியால் துடைத்துக்கொண்டு பின் படியில் ஜெயின் கிச்சனுக்கு இறங்கினேன். சமையல்காரர் சாப்பிடப் போயிருந்தார், அங்கே யாரும் இல்லை. எடுத்த கொக்கியிலேயே வாணலியை மாட்டிவிட்டு, ரெண்டாவது சிட்டிங்குக்கு மேலே ஓடினேன்.