ஆர்ச்சியின் கையில் கட்டிய துண்டு

ரொட்டியைக் கடிக்கும்போதுகூட ஆர்ச்சி லமான்ட்டின் இடது கை கப்பலின் இரும்புத் தகட்டை விட்டு விலகுவதில்லை.

"வெளியில ராப் அடிக்கிறான். என் தங்கச்சிகூடச் சண்டை போட்டுட்டு வந்திருக்கான்!" என்று தகட்டின் அதிர்வை வைத்தே சொல்லிக் கத்துகிறார்.

மெதுவாகப் பேச அவருக்கு வராது. தங்கையின் கணவன் ராப் வெளியே நின்று, தகடுகளை இணைக்கும் பழுக்கக் காய்ச்சிய ஆணியை அடிப்பான். ஆர்ச்சி உள்ளே பெரிய சம்மட்டியால் அதைத் தாங்கிப் பிடிப்பார். அந்த இரைச்சலில் காது போயே போய்விட்டது; உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். உடம்பு மட்டும் பெருத்தது. கப்பலின் அடியறைத் துளையில் அவரை இரண்டு பேர் தள்ளித்தான் நுழைக்க வேண்டும். "என்னைக் கழட்டி மாட்டுங்கடா!" என்பார்.

கப்பல் கிளைட் ஆற்றில் இறங்கும் நாளில் அவர் கரையில்தான் நிற்பார். கூட்டம் ஆகாது.

இந்த 1911 ஜனவரியில் சரக்குக் கப்பல் ஒன்று இறங்க மறுத்தது. வழியனுப்பும் சடங்காகக் கப்பல்மேல் வீசிய மதுப்புட்டி உடைந்தது, முட்டுக்கட்டைகள் விழுந்தன, கப்பல் அசையவில்லை. சறுக்கு மரங்களில் பூசிய கொழுப்பு உறைபனியில் இறுகிவிட்டிருந்தது.

"ஆத்துல ஏறியிருக்கிற கடல் தண்ணி வடியறதுக்குள்ள இறங்கலேன்னா அடுத்த கப்பலுக்கு இடமில்ல. ஆணிக்காரங்க எல்லாரும் வேலையில்லாம வீட்டுலதான்," என்றார் மேஸ்திரி ஸ்ட்ரதர்ஸ்.

இனி ஒரே வழி, எல்லோரும் மேல்தளத்தில் ஏறி, பக்கத்துக்குப் பக்கம் சேர்ந்து ஓடிக் கப்பலை ஆட்டுவது.

"ஏறு மச்சான், நீ ஒருத்தனே பத்து ஆளு கனம்," என்றான் ராப். ஆர்ச்சி ஏறினார்.

முதல் விசிலுக்கு எல்லோரும் இடப்பக்கம் ஓடினார்கள். அடுத்த விசிலுக்குத் திரும்பினார்கள், ஆர்ச்சியைத் தவிர. வந்த கூட்டம் அவர்மேல் மோதிச் சரிந்தது.

"யோவ், விசில் ஊதியாச்சுய்யா!"

"ஊதினா எனக்கென்ன தெரியும்?"

பயத்தில் வெளுத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ராப் தன் கழுத்துக் கம்பளித் துண்டை அவிழ்த்து ஆர்ச்சியின் மணிக்கட்டில் கட்டினான். மறுமுனை தன் கையில்.

"இழுத்தா திரும்பு."

இழுத்தான், திரும்பினார். இடம், வலம், மறுபடி இடம். தளம் அதிர்ந்தது. திடீரென்று ஆர்ச்சி நின்றுவிட்டார். ராப் இழுத்தும் திரும்பவில்லை. குனிந்து உள்ளங்கையைத் தளத்தில் வைத்தார்.

"நகருதுடா!"

அதன்பிறகுதான் மற்றவர்கள் உணர்ந்தார்கள். கப்பல் முனகிக்கொண்டே வழுக்கி ஆற்றில் இறங்கியது. தொப்பிகள் பறந்தன.

படகில் கரைக்குத் திரும்பியதும் எல்லோரும் பீர்க்கடைக்கு நடந்தார்கள். ஆர்ச்சி மட்டும் காலியாகிவிட்ட கப்பல் மேடைக்குப் போனார். அடுத்த கப்பலின் அடிமரம் உட்காரப்போகும் முதல் கட்டையில் கொழுப்பு தெறித்திருந்தது. மணிக்கட்டில் இன்னும் தொங்கிய ராப்பின் துண்டால், விருந்தாளிக்கு நாற்காலி துடைப்பதுபோல, அதை நன்றாகத் துடைத்தார்.