திரள வேண்டிய சொட்டு

வியாசர்பாடி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கும் ரமாபாய்க்கு, சோதனைக் குழாயை ஆட்டும்போது யாராவது பேசினால் கோபம் பொத்துக்கொண்டு வரும். முகத்துவாரக்குப்பத்துப் பிரகாஷுக்கு அது தெரியாது.

“அக்கா, இன்னா ஆச்சு?”

அவன் மனைவி ஜோதிகா ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்கு நெகட்டிவ் ரத்தம். அவனுக்கும் மூத்த பிள்ளைக்கும் பாசிட்டிவ். முதல் பிரசவம் முடிந்ததும் போட வேண்டிய ஊசியைத் தவறவிட்டிருந்தார்கள். வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்புப்பொருள் அவளுக்குள் உருவாகியிருந்தால், குழாயில் சிவப்பணுக்கள் திரிந்த பால்போலத் திரளும். காலையில் ரமாபாய்தான் அதைச் சொல்லியிருந்தாள்.

திரளவில்லை. ஆனாலும் ரமாபாய் அதை உடனே நம்பிவிடவில்லை. குழாயில் விட்ட சோதனை மருந்து கெட்டுப்போயிருந்தாலும் திரளாதே! கூடத்தில் தயாராக வைத்திருந்த, எதிர்ப்புப்பொருள் ஏற்கெனவே ஒட்டிய சிவப்பணுக்களில் ஒரு சொட்டை அதே குழாயில் விட்டு, இயந்திரத்தில் சுழற்றி எடுத்து ஆட்டினாள். கட்டி கட்டியாகத் திரண்டது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பிரகாஷ் சுவரைப் பிடித்துக்கொண்டான். “ஐயோ, திரிஞ்சி போச்சே!”

“யோவ், இந்தச் சொட்டு திரிஞ்சாத்தான்யா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். உன் பொண்டாட்டி ரத்தத்துல ஒண்ணும் இல்ல.”

அவன் பக்கத்தில் நின்றிருந்த ஜோதிகா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை ரமாபாயும் அப்போதுதான் விட்டாள். அது தெரிந்துவிடக் கூடாதென்று குரலை உயர்த்தினாள்.

“இந்தத் தடவையும் ஊசிய வுட்டுட்டு உக்காந்துகினு இருந்தீங்க, குப்பத்துக்கே வந்து ஒதைப்பேன்!”