சேறு என்று முதலில் சொன்னவர்

நான் சிட்லபாக்கத்தில் இருக்கும் ரிட்டயர்டு ஆசாமி. பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். போன மாதம் அதில் சுதா என்ற பெண், "வண்டலூர் பக்கத்து ஏரியில் தெற்குக் கரையில சேறு, காலை உள்ளே இழுக்குது, இறங்காதீங்க" என்று எழுதியிருந்தார். உடனே ஒருவர், "புடவையில சேறு பட்டுடுச்சா மேடம்?" என்றார். இன்னொருவர், "கிச்சன் ஜன்னலுக்கே காக்கா வரும், அதைப் பாருங்க" என்றார். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டேன்.

மறுநாள் காலை நீலத் தாழைக்கோழியைப் படமெடுக்க அதே கரையில் இறங்கினேன். நாலாவது அடியில் கால் தொடைவரை புதைந்துவிட்டது. இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனது. பக்கத்தில் வலை வீசிக்கொண்டிருந்தவர் ஓடிவந்து, கம்பை நீட்டி என்னை வெளியே இழுத்தார்.

"இன்னா சார், இங்க எறங்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியா?"

நன்றி சொல்லிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் குழுவில், "தெற்குக் கரையில் இறங்காதீர்கள், சேறு" என்று மட்டும் எழுதினேன். கிண்டலடித்த அதே இருவரும், "பயனுள்ள தகவல், நன்றி சார்" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. "இதை நேற்றே சொன்னவர் சுதா. நானும் சிரித்தேன். மன்னித்துவிடுங்கள் சுதா" என்று எழுதினேன்.

அதைப் படிக்க அவர் அங்கே இல்லை. முந்தின நாளே குழுவிலிருந்து விலகியிருந்தார்.

இப்போதெல்லாம் அங்கே எந்தப் பெண்ணை யார் கிண்டலடித்தாலும், அந்தப் பெண் வெளியேறுவதற்குள் நான் தட்டிக் கேட்டுவிடுகிறேன்.