அரை பீட் முந்தி வந்த குரல்

கல்யாணமாகிப் பெங்களூர்த் தொம்மலூர் வீட்டுக்கு வந்தபோது என் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே பத்திருபது கேசட்டுகள் இருந்தன. எல்லாமே மேடையில் பாடும்போது பதிவு செய்தவை. கிடாரை மாட்டிக்கொண்டு, தானே எழுதிய பாட்டைத் தானே பாடுகிறவர்களின் கச்சேரிகள். கேசட் கடைக்காரர்கள் அவற்றை ஃபோக் என்றும் ராக் என்றும் பிரித்து அடுக்கியிருப்பார்கள். எனக்கு அந்தப் பிரிவினை முக்கியமில்லை. கூட்டத்துக்கு முன்னால் பாடியதா என்று மட்டும் பார்ப்பேன். அதே பாட்டை ஸ்டுடியோவில் அருமையாகப் பாடிய கேசட் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தள்ளி வைத்துவிட்டு இதை எடுப்பேன்.

இந்தக் கிறுக்கு ஹாஸ்டலில் பிடித்தது. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். லேப் டெக்னீஷியன் படிப்புக்காகப் பெங்களூர் வந்து தங்கியிருந்தபோது, என் அறையில் இருந்த குடகுப் பெண் ஒரு கேசட் போட்டாள். ஒருவர் கிடார் மீட்டிப் பாட ஆரம்பித்தார். இரண்டாவது சரணத்தில் பாட்டு நின்றுபோனது. வரி மறந்துவிட்டது. கிடார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்து யாரோ அந்த வரியை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் சிரித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அப்போது என் இங்கிலீஷ் பாடப்புத்தக இங்கிலீஷ். பாட்டில் பாதி புரியவில்லை. அந்தச் சிரிப்பு முழுசாகப் புரிந்தது. "இன்னொரு தடவை போடேன்" என்று அவளைக் கேட்டேன். அந்த வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு, நடுவில் அவர்கள் பேசுகிற பேச்சுக்காகவே கேட்க ஆரம்பித்தேன். தந்தி அறுந்துபோனால் மாற்றும் வரை சொல்லும் கதை, பின்வரிசையில் யாரோ கீழே போடுகிற கண்ணாடி டம்ளர், "அந்தப் பாட்டைப் பாடு" என்று கத்துகிற ஆள், "அதைப் பாடினா என் முன்னாள் மனைவிக்குக் கோபம் வரும்" என்கிற பதில். நானும் அந்த ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

எனக்கு வாய்த்தவர் இதற்கு நேர்மாறு. என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆஸ்டின் டவுனில் எங்கள் சர்ச்சின் தமிழ் ஆராதனைக்குக் கொயர் நடத்துவதும் அவர்தான். அவர் காது பொல்லாத காது. நாற்பது பேர் பாடினாலும் மூன்றாவது வரிசையில் யார் ஸ்ருதி இறங்கிப் பாடினார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். சனிக்கிழமை பயிற்சியில் யாராவது அவசரப்பட்டு முன்னால் நுழைந்துவிட்டால் பாட்டு நோட்டு வைக்கிற ஸ்டாண்டில் பென்சிலால் தட்டுவார். "மறுபடியும் முதல்லேர்ந்து." திட்டமாட்டார். அந்தத் தட்டல் போதும்.

புதுசில் ஒரு நாள் என் கேசட் ஒன்றைப் போட்டேன். குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்றார்.

"இது என்ன, பாட்டா, பஸ் ஸ்டாண்டா?"

"கச்சேரிங்க. நேர்ல பாடினது."

"பாடி முடிக்கறதுக்குள்ள கை தட்றாங்களே." கொஞ்ச நேரம் கேட்டார். "அய்யய்யோ, இப்ப கிடார்ல தப்பான கார்டு பிடிச்சுட்டான். இதைப் போய் ஏன் வித்தாங்க?"

"அதுக்காகத்தான் நான் வாங்கினேன்" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பெண் பார்க்க வந்த அன்று இதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று நினைத்திருப்பார்.

சண்டை எதுவும் வரவில்லை. நான் இயர்ஃபோனில் கேட்டுக்கொண்டேன். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் ஃபோன் வந்தது. ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் பஸ்ஸில் கேட்டேன், சமையல் செய்யும்போது கேட்டேன். அவர் ஹாலில் உட்கார்ந்து கொயரின் நான்கு குரலுக்கும் தனித்தனியாகச் சுரம் எழுதிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இரண்டு கச்சேரிகள், ஒன்றுக்கொன்று காதில் விழாமல், வருஷக்கணக்காக நடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இயர்ஃபோன் வேலை செய்யவில்லை. சரி என்று ஃபோனிலேயே சத்தமாக வைத்தேன். எனக்குப் பிடித்த ஒரு பாடகியின் பாட்டு. அந்த ஒரே பாட்டு அவள் இருபது வயசில் பாடியது, நடு வயசில் பாடியது, எழுபதைத் தாண்டிப் பாடியது என்று என்னிடம் மூன்று கச்சேரிகளில் இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். பக்கத்து அறையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவர் சிவப்புப் பேனாவோடு எழுந்து வந்தார்.

"மூணும் ஒரே பாட்டுதானே?"

"ஆமா. ஒரே ஆளு."

"ஸ்ருதி இறங்கிக்கிட்டே வருதே." கீபோர்டைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தார். "முதல்ல பாடினதைப் போடு... இப்ப கடைசியை." தலையை ஆட்டினார். "குரல் இறங்கினதும் பழைய ஸ்ருதியைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தாம, தனக்கு எது வருதோ அதுக்கு மாறிக்கிட்டா. ரொம்ப மேல போகுமே, அந்த வரியைக் கவனிச்சியா? கடைசியில அவ அதைப் பாடவே இல்ல. கூட்டத்துக்கு விட்டுட்டா."

அந்தப் பாட்டை எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்! கூட்டம் சேர்ந்து பாடுவது தெரியும். அவள் அங்கே வாயை மூடிக்கொண்டது எனக்குத் தெரியவே இல்லை. மறுபடியும் போட்டுக் கேட்டோம். அவர் சொன்னது சரி. அன்றைக்குப் பேப்பர் திருத்துவது அப்படியே நின்றுபோனது.

அதற்குப் பிறகு எப்போதாவது, "என்ன கேக்கற, எனக்கும் ஒரு காது குடு" என்று வந்து உட்காருவார். குறை சொல்வது நிற்கவில்லை. ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுக் குறை சொன்னார்.

போன வருஷம் மல்லேஸ்வரத்தில் ஒரு சின்னக் கச்சேரி. பாடியவள் இந்த ஊர்ப் பெண். கன்னடக் குடும்பம். பாட்டு இங்கிலீஷில் எழுதுவாள், ஒன்றிரண்டு கன்னடத்தில். ஒரு காபி கடையில் அவள் பாடியதை முன்பே கேட்டிருந்தேன். இந்தத் தடவை ஒரு பழைய வீட்டின் முன்ஹாலில், ஐம்பது அறுபது பேருக்கு முன்னால் பாடி, அதை அப்படியே ரெக்கார்ட் செய்து வெளியிடப்போவதாக அறிவித்திருந்தாள். இத்தனை வருஷம் வெளியே நின்று கேட்டவள், உள்ளே போய் உட்காரப் போகிறேன்.

"நீங்களும் வாங்க" என்றேன்.

"எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம் நாலு மணி. சர்ச் முடிஞ்சு, சாப்பிட்டுட்டுப் போகலாம்."

மெட்ரோவில் மெஜஸ்டிக்கில் மாறிப் போய்ச் சேர்ந்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே மின்விசிறி, ஓரத்தில் இரண்டு மைக்குகளோடு ஒரு பையன். அவள் வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்: "ரெக்கார்டிங் ஓடுது. ஃபோனை மட்டும் அணைச்சிடுங்க. இருமல் வந்தா அடக்காதீங்க, தும்மல் வந்தா தும்முங்க. நீங்களும் இதுல இருக்கீங்க." என் கணவர் என் பக்கம் திரும்பி, "இவளும் உன் கட்சிதான்" என்றார்.

நாலைந்து பாட்டுகள் அமைதியாகப் போயின. அப்புறம் ஒரு பாட்டு, திரும்பத் திரும்ப வரும் இரண்டு வரிகளோடு. அந்த வரிகளைச் சொல்லிக் கொடுத்து எங்களையும் சேர்ந்து பாடச் சொன்னாள். வெட்கப்பட்டுக்கொண்டே எல்லாரும் முணுமுணுத்தோம். மூன்றாவது சுற்றில் என் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடையில் வைத்துக்கொண்டு, என் கணவர் அடிக்குரலில் பேஸ் பாடுகிறார். அதுவும் சின்னக் குரலில் இல்லை. சர்ச்சின் கடைசி பெஞ்சுக்கு எட்டுகிற குரல்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொடையில் லேசாகக் கிள்ளினேன். அவருக்குத் தெரியவே இல்லை. முப்பது வருஷப் பழக்கம். மேலே ஒரு மெட்டு போனால் கீழே இறங்கித் தாங்க வேண்டும் அவருக்கு. பாடகி பாடிக்கொண்டே கண்ணால் தேடினாள், கண்டுபிடித்தாள், நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும் கேட்டாள். "யாரு அங்கிள் நீங்க?"

அப்போதுதான் அவர் கண்ணைத் திறந்தார். "சாரி மா. பழக்க தோஷம்."

"சாரி எதுக்கு? தும்பா சென்னாகித்து" என்றாள். ரொம்ப நன்றாக இருந்தது என்று அவள் சொன்னதும் ஹாலே சிரித்தது. "கடைசியில இதையே இன்னொரு தடவை பாடலாமா? நீங்க இருப்பீங்களா?"

"டி மேஜர்தானே? இருக்கேன்" என்றார் இவர், மிகவும் பொறுப்பாக.

கடைசியில் மறுபடியும் பாடினார்கள். அந்தத் தடவை அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் கையைப் பார்த்துக்கொண்டு, கச்சிதமாகப் பாடினார். திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அந்த இரண்டு வரிக்கும் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ எப்படி வரவேண்டும் என்று எனக்குப் பாடிக் காட்டிக்கொண்டே வந்தார்.

சில மாசம் கழித்து அந்த ரெக்கார்டிங் வெளியானது. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் கேட்டேன். மின்விசிறி ஓடும் சத்தம்கூட இருந்தது. அந்தப் பாட்டு வந்தது. மூன்றாவது சுற்றில், கூட்டத்தின் முணுமுணுப்புக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் எழுந்தது. பஸ்ஸில் நான் மட்டும் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் பாடறாரு" என்று இயர்ஃபோனை அவள் காதில் வைத்தேன். கேட்டுவிட்டு, "தூக்கத்துல பாடறாப்பல இருக்கே" என்றாள்.

சாயங்காலம் அவருக்குப் போட்டுக் காட்டினேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார். முகம் மலரும் என்று காத்திருந்தேன். சுருங்கியது.

"தாளத்துல அரை பீட் முன்னாடியே நுழைஞ்சிட்டேன்."

"எங்க?"

"அங்கதான். முதல் வார்த்தையிலேயே. ரெண்டாவது தடவை சரியாப் பாடினேனே, அதைப் போடாம இதைப் போட்டிருக்காளே!"

ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. தான் பென்சிலால் தட்டி நிறுத்துகிற தப்பைத் தானே செய்து, அது ஊருக்கெல்லாம் போய்விட்டது. மறுநாள் அவளுக்கு மெயில் எழுதினார். ஸ்டுடியோவுக்கு வந்து அந்த இரண்டு வரியை மட்டும் திருப்பிப் பாடித் தருகிறேன், பத்து நிமிஷம் போதும் என்று. அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவளே ஃபோன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டார். தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசினாள்.

"அங்கிள், ரெண்டும் கேட்டேன். ரெண்டாவது ரொம்ப கரெக்டா இருக்கு. முதல்ல நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க, எனக்கும் தெரியும். நீங்க வந்ததும் நான் என்ன பண்றேன்னு கேளுங்க. என் கிடாரைக் கேளுங்க. அப்புறமும் வேணாம்னா எடுத்துடறேன்."

ஃபோனை வைத்துவிட்டுக் கேட்டோம். இத்தனை நாள் நானும் அவர் குரலைத்தான் கேட்டேன், அவரும் தன் குரலைத்தான் கேட்டார். இப்போது கிடாரைக் கேட்டோம். அவர் முந்தி நுழைகிறார். ஒரு கணம் தனியாக நிற்கிறார். உடனே கிடார் ஒரு எட்டு வேகமாக எடுத்துவைத்து அவரோடு வந்து சேர்ந்துகொள்கிறது. அவள் குரலும் அதோடு வருகிறது, சிரிப்பை அடக்கிக்கொண்டு. அதன் பிறகு எல்லாரும் ஒன்றாகப் போகிறார்கள்.

மூன்று தடவை கேட்டார்.

"என்னைத் தனியா விடாம ஓடி வந்திருக்கா" என்றார்.

"அப்ப என்ன சொல்லப் போறீங்க?"

"இருக்கட்டும்னு சொல்லு." பிறகு, "வேணாம், நானே சொல்றேன்" என்று ஃபோனை எடுத்தார்.

இதற்குள் விஷயம் கொயருக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் ஆல்டோவில் பாடும் ஒரு அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். சனிக்கிழமை பயிற்சி முடியும் நேரத்துக்கு அவரை அழைத்துவர நான் போயிருந்தபோது, எல்லாரும் அந்த அக்காவின் ஃபோனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பாட்டு ஓடியது. அவர் குரல் வந்தது.

அக்கா அவரிடமிருந்த பென்சிலை மெதுவாக எடுத்தாள். ஸ்டாண்டில் இரண்டு தட்டு தட்டினாள்.

"சார், மறுபடியும் முதல்லேர்ந்து."

சர்ச் அதிரச் சிரித்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். காதெல்லாம் சிவந்துபோய், கண்ணில் நீர் வர, அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். "இத்தனை நாள் என்கிட்ட வாங்கினதைத் திருப்பிக் குடுத்துட்டீங்க, பென்சிலையும் குடுங்க" என்றார்.

பயிற்சியில் அவர் ஒன்றும் மாறிவிடவில்லை. இன்னமும் நிறுத்துகிறார், இன்னமும் முதலிலிருந்து தொடங்குகிறார். ஆனால் ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இப்போது பாட்டைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலையாகிவிட்டது. அவரே எங்கிருந்தோ தேடிப் பிடிக்கிறார். போன வாரம் பழைய கச்சேரி ஒன்று கண்டுபிடித்தார். மழையில் திறந்தவெளியில் பாடியது. கூரையில்லாத இடத்தில் அத்தனை பேர் நனைந்துகொண்டே நிற்கிறார்கள். ஜன்னல் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு கேட்டோம். நான் நடுவில் எழுந்து, "காபி போடட்டுமா?" என்றேன்.

"இரு, ஆளு பேச ஆரம்பிச்சிருக்கான்" என்று என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். உட்கார்ந்து, அந்த ஆள் பேசி முடிக்கும் வரை கேட்டோம்.