யாரும் எடுக்காத விருப்பப் பாடம்

நான் எழுதிய பாடத்துக்குக் குறியீட்டு எண் வந்த அன்று, வேங்கிக்காலில் பஸ்ஸை விட்டு இறங்கியும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கலெக்டர் ஆபீஸ் மதிலோரமாகவே நடந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்து சந்தோஷப்பட எனக்குத் தெரியாது. கால் அசைந்தால்தான் மனசும் அசையும்.

அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பெயர் நமக்கு, எண் அவர்களுக்கு. முன்னால் நிற்கும் இரண்டு இலக்கம், அந்தப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு. அடுத்த எழுத்து இளங்கலையா முதுகலையா என்று சொல்லும். பிறகு துறை. பிறகு எத்தனையாவது பருவம் என்பது. அதற்கப்புறம் முதன்மைப் பாடமா, துணைப் பாடமா, விருப்பப் பாடமா என்று காட்டும் எழுத்து. விருப்பப் பாடம் என்றால் கடைசியில் ஏ அல்லது பி ஒட்டிக்கொள்ளும். ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர். மாணவர்கள் யாரை உட்காரச் சொல்கிறார்களோ அவர் உட்காரலாம்.

என்னுடையது ஏ. இளங்கலைத் தமிழ், ஐந்தாம் பருவம், ‘வழிநடை எழுத்து’. பாடத்திட்டக் குழுவிலிருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் “புதுசா எதனா ஒண்ணு குடுங்களேன்” என்று கேட்க, ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்காராமல் நடந்து நடந்து யோசித்து எழுதியது. ஆற்றுப்படையில் தொடங்கி, வழிநடைச் சிந்து வழியாகப் பயணக் கட்டுரைக்கு வரும். கடைசி அலகுக்குப் புத்தகமே கிடையாது. மாணவர் எங்காவது நடந்துவிட்டு வந்து எழுத வேண்டும். அந்த ஓர் அலகுக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் போல.

பி, ‘போட்டித் தேர்வுத் தமிழ்’.

பருவம் தொடங்கியதும், நான் வேலை பார்க்கும் கல்லூரியின் துறைத்தலைவர் வகுப்புக்கு வந்தார். சுற்றி வளைக்கத் தெரியாத அம்மா.

“ரெண்டு பேப்பர் இருக்கு, ஒண்ணுதான் நடத்த முடியும். வாத்தியாரும் கம்மி, ரூமும் கம்மி. எல்லாரும் சேந்து ஒண்ணு சொல்லுங்க.”

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் விருப்பம் என்பது தனியாளுக்குக் கிடையாது. வகுப்பே சேர்ந்து விரும்ப வேண்டும்.

“பி மேடம்!” என்றது வகுப்பு. “குரூப் ஃபோருக்கு ஆவும்.”

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “ஏ எடுத்தா நடக்கணுமாம்டா. பவுர்ணமிக்கு நடக்கிறது பத்தாதா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்றிருந்த நானும் சிரித்துவிட்டேன். நல்ல கேலிதான் அது.

ஒரு பெண் மட்டும் எழுந்தாள். அடி அண்ணாமலை ஊர்க்காரி. வீட்டில் கொஞ்சம் நிலம், பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் டீக்கடை.

“நான் மட்டும் ஏ எடுத்துக்கலாமா மேடம்?”

“நீ ஒருத்திக்கு எப்பிடிம்மா கிளாஸ் போடுறது?”

உட்கார்ந்துவிட்டாள்.

பி-யையும் நான்தான் நடத்தினேன். பொருத்துக, பிரித்தெழுதுக. அந்தப் பெண் என்னிடமிருந்து ஏ-யின் பாடத்திட்டத்தை வாங்கிப்போய், நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தாள். ஒருநாள் வராந்தாவில் நிறுத்திக் கேட்டாள்.

“கடைல கீழ உக்காந்து கிளாஸ் கழுவிகினு இருந்தா ஆளுங்க மொகமே தெரியாது சார். காலுதான் தெரியும். அத எழுதலாமா?”

“எழுதும்மா.”

எழுதிக்கொண்டு வந்தாள். வெடித்த குதிகால், மெட்டி இறுகிய விரல், வெள்ளைக்காரரின் சிவந்த பாதம், கொப்புளத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு மணலுக்குள் மறைத்துக்கொள்ளும் கால். ‘டீ கேட்கும் குரல் ஒருபோதும் அந்தக் காலுக்குப் பொருந்துவதில்லை’ என்று ஒரு வரி. எனக்குப் பொறாமையாக இருந்தது. பத்து வருடமாக அதே பாதையில் நடக்கிறேன், அந்த வரி என் பக்கம் வரவே இல்லை.

தேர்வு நெருங்கியபோது பல்கலைக்கழகத்திலிருந்து பெயர்ப் பட்டியல் வந்தது. வகுப்பிலுள்ள அத்தனை பேருக்கும் நேராக என் பாடத்தின் எண். கடைசியில் பி இருக்க வேண்டிய இடத்தில் ஏ.

அலுவலக கிளார்க் தலையைச் சொறிந்தார். “நாம எதையும் தொடாம விட்டா சிஸ்டம் தானா மொதல்ல இருக்கறத எடுத்துக்குது சார். நம்பரு ஒரே மாதிரி இருந்துச்சு, கடைசி எழுத்த நானும் பாக்கல.”

மாணவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “சார், பி படிச்சுட்டு ஏ எழுதறதா? உண்மைய சொல்லுங்க, உங்க வேலதானே இது?”

அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் விரும்பாததாலேயே எல்லோர் பெயரோடும் சேர்ந்துவிட்ட என் பாடம். அந்த எண்ணுக்கு மாணவர்கள் இருந்தது அந்த ஒரு மத்தியானம் மட்டும்தான்.

“திருத்தச் சொல்லி நீங்களே லெட்டர் எழுதிடுங்க” என்றார் துறைத்தலைவர். “உங்க பேப்பர்தானே.” ‘மேற்படி பாடம் இக்கல்லூரியில் நடத்தப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்தாள்.

“என் பேர மட்டும் விட்டுடுங்க சார். நான் ஏ-வே எழுதறேன். படிச்சுட்டேன்.”

கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு அவளைத் துறைத்தலைவரிடம் அழைத்துப் போனேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“இவ எழுதிடுவா, எனக்குத் தெரியும். இன்டர்னல் மார்க் எங்க சார்? நடத்தாத பேப்பருக்கு நீங்க எப்பிடிப் போடுவீங்க? தப்பித் தவறி ஃபெயிலானா? அடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறுது. முன்னாடி இருக்கற ரெண்டு நம்பர் மாறிடும், உங்க பேப்பர் அதுல இருக்குமோ இருக்காதோ. இல்லாத பேப்பர்ல அரியர் வெச்சுகினு இந்தப் பொண்ணு எங்க போய் நிக்கும்? டிகிரியே நின்னுடும்.”

அவள் என்னைப் பார்த்தாள். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. “மேடம் சொல்றது சரிதாம்மா” என்றேன். “சரிங்க சார்” என்று போய்விட்டாள். அவள் பெயரையும் சேர்த்தே கடிதத்தை முடித்து அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனேன். எண் இல்லாவிட்டால் என்ன, மார்க் இல்லாவிட்டால் என்ன, அந்தக் கால்களை நீ எழுதிக்கொண்டே இரு, அடுத்த பௌர்ணமியையும் எழுது என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பாடத்துக்காக இல்லாமல் எழுத்துக்காகவே எழுதச் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் வாக்கியங்களைக் கட்டிக்கொண்டே போனேன்.

மறுநாள் வகுப்புக்குப் போனபோது, தோழிகளுக்கு நடுவே போட்டித் தேர்வு கைடை விரித்து வைத்துக்கொண்டு வேகவேகமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கைடைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“சார், ஒரு டவுட்டு. இதுக்கு ஆன்சர் சி-யா, டி-யா?”

கைடை வாங்கிக் கேள்வியைப் படித்துப் பார்த்தேன்.

“டி-ம்மா” என்றேன்.

“தாங்க்ஸ் சார்” என்று அதைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனாள்.